முதல் விளம்பரம் போடுகிறீர்களா? படத்துக்கு எந்த வேலை, எழுத்துக்கு எந்த வேலை

ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், போர்டு, ஃபோனில் வரும் விளம்பரம் என்று ஒவ்வொன்றுக்கும் டிடிபி சென்டருக்கும் பிரஸ்ஸுக்கும் அலைந்து ஓய்ந்த பிறகுதான் பணம் எங்கே வீணாகிறது என்று புரிந்தது. படம் காட்ட வேண்டியதை எழுத்தில் வளவளவென்று அடைக்கிறோம். எழுத்து சொல்ல வேண்டியதைப் படத்தின் தலையில் கட்டுகிறோம். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். எந்த வரிசையில் செய்வது, என்னென்ன கையில் வைத்திருப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணம் எல்லாம் எண்ணெய்தான். மசாலா, பேக்கரி, தையல் கடை வைத்திருப்பவர்கள் உங்கள் சரக்கை அந்த இடத்தில் போட்டுப் படியுங்கள்.

1. டிசைனரைப் பார்க்கும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்

யார், எதை வாங்க, ஏன் உங்களிடம் வர வேண்டும்? இதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்களிடம் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், தேன், சிறுதானியம் அனைத்தும் கிடைக்கும்" என்பது சரக்குப் பட்டியல். அதைப் படித்து யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

"எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய், சனிக்கிழமை காலை வந்தால் ஆட்டுவதைப் பார்த்தே வாங்கலாம்." இது விளம்பரம். ஒரு பொருள், ஒரு காரணம், ஒரு நேரம். மற்ற சரக்கெல்லாம் கடைக்கு வந்த பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் போட்டால்தான் போட்ட காசுக்கு மதிப்பு என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்வார்கள், டிசைனரும் சொல்வார். அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

2. வேலையைப் பிரியுங்கள்

ஒரு தாளை இரண்டு பத்தியாக மடித்து, இடது பக்கம் "படம்", வலது பக்கம் "எழுத்து" என்று போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

நிறம், பதம், உருவம், செய்யும் விதம், யாருக்கான பொருள் என்பதெல்லாம் படத்தின் வேலை. செக்கின் வாயிலிருந்து எண்ணெய் நூல் மாதிரி இறங்குவதைக் காட்டிவிட்டால், "பொன்னிறமான", "மணமான", "சுத்தமான" என்ற மூன்று சொல்லும் தேவையில்லை.

விலை, அளவு, இடம், நேரம், நிபந்தனை என்பதெல்லாம் எழுத்தின் வேலை. முக்கியமாக "இல்லை" என்பதைப் படத்தால் சொல்லவே முடியாது. "வேறு எண்ணெய் எதுவும் கலப்பதில்லை" என்று எழுத்துதான் சொல்ல வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் மாதிரி ஒன்று: வெள்ளைப் பின்னணியில் ஒரு பாட்டில், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம், இணையத்தில் எடுத்த சிரிக்கும் வடநாட்டுக் குடும்பம், மேலே "தரமே எங்கள் தாரக மந்திரம்". படமும் எதையும் காட்டவில்லை, எழுத்தும் எதையும் சொல்லவில்லை. கடைப் பெயரை மாற்றிவிட்டு இதையே ஒரு மருந்துக் கடைக்கும் போடலாம். அதற்குப் பதில் இப்படி வைத்துப் பாருங்கள்: வாகை மரச் செக்கு, உள்ளே கறுப்பு எள், அதன் மேல் உடைத்த கருப்பட்டியைப் போடும் ஒரு கை. கீழே: "சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆட்டுகிறோம். வந்து பாருங்கள்." படம் எப்படி என்பதைக் காட்டுகிறது, எழுத்து எப்போது என்பதைச் சொல்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. அமுல் வெண்ணெய் விளம்பரப் பலகைகளைக் கவனியுங்கள். அந்தப் பெண்குழந்தையின் படத்தை மறைத்தால் வரி புரியாது, வரியை மறைத்தால் படம் புரியாது.

சோதிக்கும் முறை எளிது. எழுத்தைக் கையால் மறையுங்கள். என்ன பொருள் என்று தெரிகிறதா? படத்தை மறையுங்கள்; எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரிகிறதா? இரண்டும் ஒன்றையே சொன்னால் ஒன்று தண்டம்.

எல்லாத் தொழிலுக்கும் சரிபாதி இல்லை. புடவை, நகை, கேக் என்றால் படத்துக்கே முக்கால் இடம் கொடுங்கள். டியூஷன், போர்வெல் மோட்டார் ரிப்பேர், கணக்கு எழுதித் தருவது என்றால் எழுத்துதான் பெரிது. ஸ்பேனர் பிடித்த கையின் படம் ஒருவரையும் அழைக்காது. "இரவு 10 மணி வரை வீட்டுக்கே வருவோம்" என்ற வரி அழைக்கும்.

3. படம் எடுப்பது

ஓரளவு நல்ல ஃபோன் கேமரா போதும். காலை வெயில் ஏறும் முன், அல்லது வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எண்ணெய், தேன், பழரசம் போல ஒளி ஊடுருவும் பொருளுக்கு வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் நிறம் தெரியும். முன்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் லேபிளும் இருட்டாகாது. பாட்டிலைத் துடைத்துவிட்டு எடுங்கள். விரல் ரேகை அச்சில் அழுக்காகத் தெரியும்.

இதைவிட முக்கியம், ஒரு பக்கம் காலி இடம் விட்டு எடுப்பது. எழுத்து உட்காரும் இடம் அது. படம் முழுக்கப் பொருளை நிரப்பிவிட்டால், டிசைனர் எழுத்தைப் பொருளின் மேலேயே போட்டு, அது தெரிய வேண்டும் என்று வெள்ளைக் கோடும் நிழலும் கட்டுவார். இரண்டும் கெடும். ஃபோட்டோகிராபரை அமர்த்தினால் இதை முதலிலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சியையும் படுக்கையாக, நெடுக்காக, சதுரமாக என்று மூன்று விதமாகக் கேளுங்கள். போர்டுக்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று வேண்டும்.

இங்கே ஒரு பொறி: படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் போடுங்கள். ஏ5 நோட்டீஸ் என்றால் 148 × 210 மில்லிமீட்டர். அச்சில் துல்லியமாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது பக்கம் முழுவதும் வரும் படம் ஏறக்குறைய 1748 × 2480 பிக்சலாவது இருக்க வேண்டும்.

4. படத்துக்கான காகிதங்கள்

இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கூகுளில் தேடி வரும் படம் இலவசம் இல்லை. இலவசப் படத் தளத்தில் எடுத்தாலும் "வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி" என்று இருக்கிறதா எனப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படத்தில் ஆள் இருந்தால் சம்மதக் கடிதம் வாங்குங்கள். உறவினராக இருந்தாலும் வாங்குங்கள். எந்தப் படம், எதற்கெல்லாம் (நோட்டீஸ், போர்டு, இணையம்), எத்தனை வருடம், எவ்வளவு பணம், தேதி, கையெழுத்து. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. அரைப் பக்கம் போதும். சண்டை வந்த பிறகு அந்த அரைப் பக்கத்தின் அருமை தெரியும்.

நடிகர் படம் வேண்டவே வேண்டாம். 2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் அவருடைய பெயர், உருவம், பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அது சினிமாப் படம் தொடர்பான வழக்கு. ஆனால் கடை விளம்பரத்துக்கும் நியாயம் ஒன்றுதான். காந்தி, பிரதமர் படங்களையும் தேசியச் சின்னங்களையும் வியாபாரத்துக்குப் போடக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

உரிமை விஷயத்தில் படத்துக்கும் எழுத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்களே முதல் உரிமையாளர். ஆனால் வெளியாள் எழுதிக் கொடுத்த வாசகமோ பாடலோ அப்படி இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் உங்களுடையது. அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். காலத்தையும் இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

5. வாசகம் எழுதுவது

மூன்று அடுக்கு போதும். பெரிய எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டு மூன்று வரி விவரம், கடைசியில் முகவரியும் ஃபோனும்.

பெரிய வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்படிச் சொல்வீர்களா? "உன்னத சுவையின் உறைவிடம்" என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. "அக்கா, இன்னைக்கு ஆட்டுன எண்ணெய்" என்றுதான் சொல்வோம். அதைக் கொஞ்சம் திருத்தி எழுதினால் தலைப்பு.

படத்துக்கு நேர் கீழே ஒரு சின்னக் குறிப்பு போடுங்கள். படத்தைப் பார்த்த கண் அடுத்து இயல்பாக அங்கேதான் இறங்கும். அந்த இடத்தைக் காலியாக விடுவது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

முகவரியில் கதவு எண்ணைவிட அடையாளம் முக்கியம்: "பஸ் ஸ்டாண்டு எதிரில், பெட்ரோல் பங்க் பக்கத்துச் சந்து." ஃபோன் எண் ஒன்றே போதும், ஆனால் எடுக்கிற ஃபோனாக இருக்க வேண்டும்.

விலை போடுங்கள். போடாவிட்டால் அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் பாக்கெட் சரக்குக்கு விலை போட்டால் நிகர அளவையும் சேர்த்துப் போட்டே ஆக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எண்ணெய்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். லிட்டரா கிலோவா என்று தெளிவாக எழுதாவிட்டால் கல்லாவில் தினமும் தகராறு.

6. போடக்கூடாத சொற்கள்

உணவுப் பொருள் என்றால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

சமையல் எண்ணெய்க்கு "ஆன்டி கொலஸ்ட்ரால்", "கொலஸ்ட்ரால் ஃபைட்டர்", "இதயத்துக்கு இதமானது", "டபுள் ரீஃபைண்ட்" போன்ற சொற்கள் உணவுப் பாதுகாப்பு விதிகளில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டவை. லேபிளில் மட்டுமல்ல, விளம்பரத்திலும் கூடாது. "சர்க்கரை குறையும்", "மூட்டுவலி தீரும்" என்று நோயைக் குணப்படுத்துவதாகவும் உணவை விற்கக் கூடாது. "இயற்கை", "பாரம்பரியம்", "அசல்" மாதிரியான சொற்களுக்கும் 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. நமக்குச் சாதாரணப் பேச்சு. அங்கே அது ஆதாரம் கேட்கும் கூற்று.

படமும் கூற்றுதான். இதுதான் பலருக்கும் தெரியாத இடம். கலப்பு எண்ணெய்ப் பாட்டில் பக்கத்தில் எள்ளை மட்டும் குவித்து வைத்துப் படம் எடுத்தால், "இது நல்லெண்ணெய்" என்று எழுதியதற்குச் சமம். எழுத்தில் வராத பொய் படத்திலும் வரக்கூடாது.

தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல் தடவைக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை விதிக்கலாம். 2022-ல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, "நிபந்தனைக்கு உட்பட்டது" என்ற குறிப்பும் தலைப்பு இருக்கும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் சலுகை, ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனை என்ற வேலை செல்லாது.

டிசைனரிடம் போகும்போது உணவுத் தொழிலுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழ் (எண் 14 இலக்கம், பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்), ஜிஎஸ்டி இருந்தால் அதன் நகல், உங்கள் லேபிள், விலைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

7. டிடிபி சென்டரில்

தமிழ் விளம்பரம் அதிகம் கெடுவது இங்கேதான்.

உங்கள் வாசகத்தை ஃபோனில் தட்டச்சு செய்தால் அது யூனிகோட் (எல்லாக் கருவியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறிமுறை). பல டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எழுத்து குழம்பும். அல்லது அவர்கள் பார்த்து மறுபடி அடிக்கும்போது ண-ன, ல-ள, ர-ற மாறும். ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்கினால் சரியாகும். "சிஸ்டம் அப்படித்தான் வரும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊரில் ஓர் இடத்தில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். வேறு சென்டரில் உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்து கொடுத்தார்கள்.

முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு விளம்பரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். சொல் நீளம்; மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் காலும் வரும். ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளியையே விட்டால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். இடம் போதவில்லை என்றால் சொல்லைக் குறையுங்கள். எழுத்தை அமுக்கிக் குறுக்கவோ இழுக்கவோ விடாதீர்கள்.

புரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் நகல்) திரையில் பார்த்து "ஓகே" சொல்லாதீர்கள். அசல் அளவில் தாளில் எடுத்து, விவரம் தெரியாத ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். ஃபோன் எண்ணுக்கு அந்தத் தாளைப் பார்த்தே டயல் செய்யுங்கள். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கோரல்டிரா (டிசைன் மென்பொருள்) மூலக் கோப்பு, எழுத்துரு, எழுத்தை உருவமாக மாற்றிய பிடிஎஃப் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். காசு பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். அப்புறம் கேட்டால் தனி விலை சொல்வார்கள்.

8. அச்சும் செலவும்

ஆஃப்செட்டில் (பிளேட் செய்து மொத்தமாக அடிக்கும் அச்சு) பல வண்ணம் என்றால் நான்கு பிளேட். அந்தச் செலவு 500 பிரதிக்கும் 5,000 பிரதிக்கும் ஒன்றே. அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். சில நூறு போதும் என்றால் பிளேட் தேவையில்லாத டிஜிட்டல் அச்சில் எடுங்கள். விளிம்பு வரை படம் வந்தால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் மங்கும். இது எல்லா பிரஸ்ஸிலும் நடப்பது.

10,000 ரூபாய் கையில் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன் (ஊருக்கு ஊர் விலை மாறும்): படத்துக்கு 1,500, டிசைனுக்கு 800, அச்சுக்கு 3,800, நோட்டீஸைச் செய்தித்தாளுக்குள் வைத்து வீடுகளுக்குப் போடும் கூலி 1,500, ஃபோன் விளம்பரத்துக்கு 2,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 360. படத்துக்கு ஒதுக்கியதைப் பிடுங்கி அச்சில் போடாதீர்கள். மங்கலான படத்தை ஆயிரம் கூடுதலாக அடிப்பதால் லாபம் இல்லை.

போர்டு என்றால் வேறு கணக்கு. வண்டியில் போகிறவர் பார்க்கப் போகிறார். ஒரு படம், ஐந்தாறு சொல், ஓர் அம்புக்குறி. நோட்டீஸ் டிசைனையே பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்தால் ஒன்றும் தெரியாது. ரோட்டோரம் வைக்க மாநகராட்சி அல்லது நகராட்சி அனுமதி கட்டாயம். 2019-ல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனது. அனுமதி இல்லாமல் வைப்பதும், மரத்தில் ஆணி அடிப்பதும் வேண்டாம். எழுதிக் கேட்டு, ரசீதும் அனுமதி எண்ணும் வந்த பிறகே ஃபிளெக்ஸ் ஆர்டர் கொடுங்கள்.

9. ஃபோனில் வரும் விளம்பரம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் 1080 × 1350 நெடுக்குப் படம், ஸ்டோரிக்கு 1080 × 1920. படத்துக்குள் எழுத்து 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் படத்துக்குள் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். விவரத்துக்குத்தான் தனியாக இடம் இருக்கிறதே. அங்கேயும் முதல் 125 எழுத்து அளவில் மடங்கி "மேலும் பார்க்க" வந்துவிடும். இடமும் நேரமும் அதற்குள் முடிய வேண்டும்.

விளம்பரத்தை அவர்கள் பார்த்து அனுமதிக்க வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் ஆகும். சில நேரம் கூடும். பண்டிகைக்கு முந்தின இரவு போடாதீர்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் பணம் கட்டும் பக்கத்தில் முதலிலேயே பதிந்துவிடுங்கள். ஊரைச் சுற்றி சில கிலோமீட்டர் மட்டும் தேர்ந்தெடுங்கள். கடைக்கு வர முடியாதவருக்குக் காட்டி என்ன பயன்?

படமா எழுத்தா எது வேலை செய்கிறது என்று மலிவாகக் கண்டுபிடிக்கும் இடமும் இதுதான். ஒரே படம், இரண்டு வாசகம் என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை வைத்து ஒரு வாரம் விடுங்கள். ஜெயித்த வாசகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் இரண்டு படம் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் கூட்டம் வந்தது என்று தெரியாது. லைக்கைப் பார்க்காதீர்கள், எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள் என்று பாருங்கள். முடிந்தால் இதை அச்சுக்கு முன்பே செய்து, ஜெயித்த ஜோடியை நோட்டீஸாக அடியுங்கள்.

10. நாள் கணக்கு

தீபாவளிக்கு என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். நோட்டீஸ் வீட்டுக்குப் போக வேண்டியது பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால். அதற்கு முன் அச்சுக்கு ஒரு வாரம், புரூஃப், திருத்தத்துக்கு ஒரு வாரம், படத்துக்கும் வாசகத்துக்கும் இரண்டு வாரம். ஆக ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். சிவகாசியில் அடிப்பதாக இருந்தால் இன்னும் முன்னால். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டரின் சாம்பிள்கள் வெளியானதிலிருந்து டிசம்பர் வரை அங்கே காலண்டர், டைரி வேலைதான் முதலில்.

பேப்பர் ஏஜெண்டிடம் முந்தின நாள் மாலைக்குள் கட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். விடியற்காலையில் பேப்பர் பிரிக்கும்போதே உள்ளே வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஏற்கனவே நாலைந்து நோட்டீஸ் உள்ளே கிடக்கும். மளிகை சம்பந்தப்பட்டது என்றால் சம்பளம் வரும் மாதத்தின் முதல் வாரம் நல்லது. எந்தத் தெருவுக்கு எத்தனை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கட்டு அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போவதும் நடக்கும்.

கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். புதிதாக வருகிறவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, நோட்டீஸ், போர்டு, ஃபோன் என்று கோடு போடுங்கள். கூடவே "அதுல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். கருப்பட்டி போடுகிற கையைச் சொல்கிறார்களா, சனிக்கிழமையைச் சொல்கிறார்களா என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த விளம்பரத்துக்கு டிசைனரிடம் போகும்போது அந்த நோட்டையும் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.